அறக்கட்டளைகளின் ஆண்டு வருமான வரி ரிட்டர்ன்: கால நீட்டிப்பும் தாமத மன்னிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி, வில்லியனூர் போன்ற ஊர்களில் கல்வி உதவி, அன்னதானம், முதியோர் இல்லம், மீனவர் நலம் என்று இயங்கிவரும் சிறு அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு பொருளாளர்தான். ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருக்கும் அவருக்காகவே இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கீழே வரும் படிவ எண்களும் பிரிவு எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவது என்றாலும், 2025-26 நிதியாண்டு வரையிலான கணக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

எங்கள் அறக்கட்டளைக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கேட்டு விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வியோடு வருபவர்கள் அனைவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். கெடு தேதிக்கு முன்பாகவே மனு கொடுத்து, ‘எங்களுக்கு இரண்டு மாதம் தள்ளிக் கொடுங்கள்’ என்று கேட்பதற்கு இன்றைய சட்டத்தில் படிவமும் இல்லை, அதிகாரியும் இல்லை. வருமான வரி அதிகாரியிடம் மனுப் போட்டு அவகாசம் வாங்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் மனு எழுதும் மூத்த பொருளாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடு 1980களின் இறுதியில் நடந்த சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது.

இப்போது இருப்பவை மூன்று வழிகள். மத்திய நேரடி வரிகள் வாரியம் நாடு முழுவதற்கும் பொதுவாகக் கெடுவைத் தள்ளிவைக்கலாம். அது நம் கையில் இல்லை. கெடு தவறிய பிறகு டிசம்பர் 31க்குள் தாமத ரிட்டர்னைத் தாக்கல் செய்யலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தணிக்கை அறிக்கை போன்ற படிவங்கள் தாமதமாகியிருந்தால், காரணத்தைச் சொல்லித் தாமத மன்னிப்புக் கோரலாம். அதற்கு ஆணையரின் உத்தரவு தேவை. இம்மூன்றையும் ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கம் நடத்தும் உறவினர், ஒரு படிவம் போட்டால் ஆறு மாதம் கிடைக்கும் என்கிறாரே?

அவர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. அங்குள்ள லாபநோக்கற்ற அமைப்புகள் 990 என்ற வரிசையிலான ஆண்டுப் படிவத்தை, கணக்காண்டு முடிந்த ஐந்தாம் மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டிசம்பரில் கணக்கை முடிப்பவர்களுக்கு அது மே 15. அந்தத் தேதிக்குள் 8868 என்ற படிவத்தைக் கொடுத்துவிட்டால், காரணம் எதுவும் சொல்லாமலே நவம்பர் 15 வரை ஆறு மாத அவகாசம் தானாகக் கிடைக்கும். மிகச் சிறிய சங்கங்கள் இணையத்தில் நிரப்பும் 990-என் என்ற சிறு படிவத்துக்கு மட்டும் இந்த நீட்டிப்புக் கிடையாது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எதையும் தாக்கல் செய்யாத சங்கத்தின் வரிவிலக்குத் தகுதி அங்கே தானாகவே ரத்தாகிவிடும். இவற்றில் எதுவும் இந்தியாவில் பதிவான அமைப்புக்குப் பொருந்தாது.

எங்களுக்கான கெடு தேதிகள் எவை?

வரிவிலக்குக்கான 12ஏபி பிரிவின்கீழ்ப் பதிவு பெற்று, விலக்குக்கு முந்தைய வருமானம் வரிவிதிக்கப்படாத உச்சவரம்பைத் தாண்டும் அமைப்புகள் தணிக்கை செய்தாக வேண்டும். தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, ஐடிஆர்-7 என்ற ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 என்பது சட்டம் வகுத்த வழக்கமான ஏற்பாடு. அதாவது ரிட்டர்னுக்கு ஒரு மாதம் முன்னதாகவே அறிக்கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். செலவழிக்க முடியாத தொகையைச் சேமித்துவைப்பதற்கான படிவம் 10, அடுத்த ஆண்டில் செலவழிப்போம் என்று தெரிவிக்கும் படிவம் 9ஏ ஆகிய இரண்டும் ரிட்டர்ன் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் 31க்குள் கொடுக்கப்பட வேண்டும். தணிக்கை தேவைப்படாத மிகச் சிறிய அமைப்புகளுக்கு ரிட்டர்ன் கெடு இதைவிட முன்னதாகவே வரும் என்பதால், அவர்கள் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் பகுதிக்கு இந்த நாட்காட்டியில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அக்டோபர் 31 என்பது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம். தாமத ரிட்டர்னுக்கு இறுதி நாளான டிசம்பர் 31 புயல் காலத்தின் கடைசி. 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. ஆகவே கடலூர்க்காரர்களுக்குக் கெடு அக்டோபர் 31 அல்ல, புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய நாள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன். ஆடி மாதத்துக்குள் ரசீதுப் புத்தகங்களும் வங்கிக் கணக்குத் தாள்களும் ஆடிட்டர் கைக்குப் போய்விட்டால், இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

வாரியம் கெடுவைத் தள்ளிவைக்கும் என்று காத்திருக்கலாமா?

2023 முதல் 2025 வரையிலான மூன்று ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் ஆசை வருவது இயல்புதான். 2022-23 நிதியாண்டுக்குத் தணிக்கை அறிக்கை 2023 அக்டோபர் 31 வரையும், ரிட்டர்ன் நவம்பர் 30 வரையும் நீட்டிக்கப்பட்டன. அடுத்த ஆண்டுக்கு அறிக்கைக்கு ஒரு வாரம் மட்டும் கூட்டி 2024 அக்டோபர் 7 என்றும், ரிட்டர்னுக்கு நவம்பர் 15 என்றும் வைத்தார்கள். 2024-25 நிதியாண்டுக்கு அறிக்கையின் கெடு முதலில் அக்டோபர் 31க்கும் பிறகு 2025 நவம்பர் 10க்கும் நகர்ந்தது. ரிட்டர்ன் டிசம்பர் 10 வரை போயிற்று.

ஆனால் இந்த அறிவிப்புகள் வெளிவந்த நாள்களையும் சேர்த்துப் பாருங்கள். 2025இல் முதல் அறிவிப்பு செப்டம்பர் 25 அன்றும், இரண்டாவது அக்டோபர் 29 அன்றும்தான் வந்தன. கெடு முடிய ஐந்து நாள், இரண்டு நாள் இருக்கும்போது. எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது: ஓர் ஆண்டு ஒரு மாதம், மறு ஆண்டு ஒரு வாரம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. செய்தித்தாளில் ‘கெடு நீட்டிப்பு’ என்று வரும்போது அது யாருக்கு என்று படிக்க வேண்டும். 2024 டிசம்பர் 31 அன்று முடிய வேண்டிய தாமத ரிட்டர்ன் கெடுவை 2025 ஜனவரி 15க்கு நீட்டித்தபோது, அந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. அறக்கட்டளைகளுக்கு டிசம்பர் 31 அப்படியேதான் இருந்தது.

அக்டோபர் 31 தவறிவிட்டது. வரிவிலக்குப் போய்விட்டதா?

தாமத ரிட்டர்னை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்துவிட்டால், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக 11, 12 பிரிவுகளின் விலக்குப் போகாது. இந்த விலக்கைப் பெற ரிட்டர்னை எந்தக் காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 12ஏ பிரிவு சொல்லும் இடத்தில், 139ஆம் பிரிவின் (1), (4) ஆகிய இரு உட்பிரிவுகளின் காலமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. (4) என்பதுதான் தாமத ரிட்டர்ன். ‘ஒரு நாள் தாமதமானாலும் எல்லாம் போச்சு’ என்று பயந்து, எப்படியும் போய்விட்டதே என்று மார்ச் வரை விட்டுவிடுபவர்கள்தான் உண்மையில் விலக்கை இழக்கிறார்கள்.

ஆனால் இந்த நிம்மதி ரிட்டர்னுக்கு மட்டுமே உரியது. தணிக்கை அறிக்கை, படிவம் 10, படிவம் 9ஏ ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கெடு இருப்பதால், ரிட்டர்னை டிசம்பரில் கொடுத்துவிட்டு அறிக்கையும் அதோடு சேர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

தாமதக் கட்டணம் எவ்வளவு?

234எஃப் பிரிவின்படி மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 1,000 ரூபாய், மேற்பட்டால் 5,000 ரூபாய். வரி ஏதும் பாக்கியிருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. இவை தவிர, அறக்கட்டளை ரிட்டர்னைக் காலத்தில் கொடுக்கத் தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்க 272ஏ பிரிவு இடம் தருகிறது. நியாயமான காரணம் இருந்ததாக நிரூபித்தால் அந்த அபராதம் கூடாது என்று 273பி பிரிவு காக்கிறது.

தணிக்கை அறிக்கை தாமதமாகிவிட்டது. யாரிடம் மன்னிப்புக் கோர வேண்டும்?

சட்டத்தின் 119(2)(பி) பிரிவு, காலம் கடந்து வரும் விண்ணப்பங்களையும் கோரிக்கைகளையும் ஏற்கும்படி உத்தரவிட வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. 2024 நவம்பர் 18 அன்று வெளியிட்ட 16/2024 என்ற சுற்றறிக்கையின் மூலம் வாரியம் இந்த அதிகாரத்தைக் கீழே பகிர்ந்தளித்திருக்கிறது. 2018-19 மதிப்பீட்டாண்டிலிருந்து 9ஏ, 10, தணிக்கை அறிக்கைக்கான 10பி, 10பிபி ஆகிய நான்கு படிவங்களுக்கும் இது பொருந்தும். தாமதம் 365 நாள் வரை இருந்தால் ஆணையரும், அதைத் தாண்டினால் தலைமை ஆணையரும் முடிவெடுப்பார்கள். மதிப்பீட்டாண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விண்ணப்பமே எடுத்துக்கொள்ளப்படாது. எடுத்துக்காட்டாக, 2022-23 நிதியாண்டின் கணக்குக்கு மதிப்பீட்டாண்டு 2023-24. அது 2024 மார்ச் 31 அன்று முடிந்தது. ஆகவே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 2027 மார்ச் 31.

அறிக்கையை முதலில் தாக்கல் செய்யுங்கள். பிறகு மன்னிப்பு விண்ணப்பத்தைக் கொடுங்கள். உத்தரவு வந்த பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால், தாமத நாள்கள் கூடிக்கொண்டே போய், 365 நாள் என்ற எல்லையையும் கடந்து, நீங்கள் போக வேண்டிய கதவே மாறிவிடும்.

எங்கள் ஆடிட்டர் செப்டம்பர் 30 அன்றே அறிக்கையை ஏற்றிவிட்டார். இருந்தும் தாமதம் என்கிறார்கள். ஏன்?

அவர் ஏற்றியதும் வேலை பாதிதான் முடிந்தது. ஆடிட்டர் தம் டிஜிட்டல் கையொப்பத்தோடு அறிக்கையை ஏற்றிய பின், அது அறக்கட்டளையின் இணையக் கணக்கில் ஏற்புக்காக நிலுவையில் நிற்கும். நிர்வாக அறங்காவலர் உள்ளே போய் ஏற்றுக்கொண்டால்தான் தாக்கல் முழுமையாகும். ஏற்றுக்கொண்ட நாளே தாக்கல் செய்த நாள்.

இதில் அடிபடும் அமைப்புகள் நம் பகுதியில் நிறைய. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இணையக் கணக்கு பழைய செயலாளரின் கைப்பேசி எண்ணோடு இணைந்திருக்கும், அவர் காலமாகியிருப்பார், அல்லது மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருப்பார், அல்லது நிர்வாகத்தோடு மனத்தாங்கலில் இருப்பார். ஓடிபி அவருக்குப் போகும். அறிக்கை இங்கே நிற்கும். டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகியிருப்பது அடுத்த காரணம். நிர்வாகிகள் மாறிய தீர்மானத்தை நிறைவேற்றிய வாரத்திலேயே இணையக் கணக்கின் முதன்மைத் தொடர்பாளரையும் மாற்றிவிடுங்கள்.

ரிட்டர்னுக்கும் இதே கதை உண்டு. தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பை முடிக்காவிட்டால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும்.

மழை, வெள்ளம், புயல் ஆகியவை போதுமான காரணமா?

ஆகும், ஆனால் நாள்கள் பொருந்த வேண்டும். மன்னிப்பு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி இரண்டு செய்திகளில் திருப்தியடைய வேண்டும். குறித்த காலத்துக்குள் தாக்கல் செய்ய முடியாதபடி நியாயமான காரணம் தடுத்தது என்பது ஒன்று. மறுத்தால் உண்மையான இடர்ப்பாடு ஏற்படும் என்பது மற்றொன்று. முதலாவதில்தான் பல விண்ணப்பங்கள் வழுக்குகின்றன.

ஃபெஞ்சல் புயலையே எடுத்துக்கொள்வோம். அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரின் கரையோரப் பகுதிகளைச் சூழ்ந்தது. அலுவலகம் மூழ்கியது, கணினி போயிற்று, ரசீதுக் கட்டுகள் கூழாயின என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையின் கெடு அக்டோபர் 7, ரிட்டர்னின் கெடு நவம்பர் 15. நவம்பர் 30 அன்று வந்த புயல் அக்டோபர் 7 அன்று உங்களை எப்படித் தடுத்திருக்கும் என்று அதிகாரி கேட்டால் பதில் இருக்காது. அதே புயலை, தணிக்கை ஏற்கெனவே ஏன் தாமதமானது என்பதற்கான வேறு காரணத்தைச் சொல்லிவிட்டு, ‘நவம்பர் இறுதியில் முடித்திருப்போம், வெள்ளம் அதையும் ஜனவரிக்குத் தள்ளியது’ என்று இரண்டாவது கட்டமாக எழுதினால் அது நிற்கும். கெடுவுக்கு முன் நடந்தது தாமதத்தின் தொடக்கத்தை விளக்கும். கெடுவுக்குப் பின் நடந்தது தாமதத்தின் நீளத்தை விளக்கும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

ஆதாரம் இல்லாத மழை வெறும் பேச்சு. கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் வெள்ளப் பாதிப்புச் சான்று, நீர் புகுந்த அறையின் தேதியிட்ட படங்கள், மாவட்டத்துக்கு விடுமுறை அறிவித்த செய்தி, கெட்டுப்போன ஆவணங்கள் குறித்து நிர்வாகக் குழு எழுதிவைத்த தீர்மானம் ஆகியவற்றை அந்த வாரத்திலேயே திரட்டிவிடுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் அலுவலரும் மாறியிருப்பார், சுவரில் நீர்மட்டத்தின் கறையும் மறைந்திருக்கும்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

இரண்டு பக்கம் போதும். அமைப்பின் பெயர், பான் எண், 12ஏபி பதிவு எண், எந்த மதிப்பீட்டாண்டு, எந்தப் படிவம், கெடு தேதி, உண்மையில் தாக்கல் செய்த தேதி, தாமத நாள்களின் எண்ணிக்கை ஆகியவை முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அதன்பின் நடந்ததை நாள்வாரியாகச் சொல்லுங்கள். சென்னைக்குப் போகும் விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருப்பதே வழக்கம் என்றாலும், முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் காரணம் தெளிவாகிறதா என்பது உங்களுக்கே விளங்கும். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு:

“எங்கள் அறக்கட்டளையின் கணக்குகளை 18 ஆண்டுகளாகத் தனியொருவராகப் பராமரித்துவந்த பொருளாளர் செப்டம்பர் 9 அன்று பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அக்டோபர் 22 அன்று வீடு திரும்பினார். ரொக்கப் புத்தகமும் ரசீதுகளும் அவர் பொறுப்பில் பூட்டிய அலமாரியில் இருந்தன. நவம்பர் 3 அன்று கூடிய நிர்வாகக் குழு இணைச் செயலாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் நவம்பர் 5 அன்று ஆவணங்களை ஆடிட்டரிடம் தந்தார். தணிக்கை நவம்பர் 26 அன்று முடிந்து, மறுநாள் அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. முந்தைய ஆறு ஆண்டுகளின் அறிக்கைகள் அனைத்தும் காலத்தில் தாக்கல் செய்யப்பட்டுள்ளன.”

இதில் ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’, ‘கருணை கூர்ந்து’ போன்ற தொடர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் சரிபார்க்கத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது. மருத்துவமனையின் விடுவிப்புச் சான்று, தீர்மான நகல், ஆடிட்டரின் கடிதம், தணிக்கை செய்த கணக்குகள், ரிட்டர்ன் ஒப்புகை, முந்தைய ஆண்டுகளின் ஒப்புகைகள், நிர்வாக அறங்காவலரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைத்துவிட்டால், அதிகாரிக்கு உங்களிடம் கேட்க வேண்டியது அதிகம் இருக்காது.

இடர்ப்பாட்டை ரூபாயில் சொல்லுங்கள். விலக்கு மறுக்கப்பட்டால் எவ்வளவு வரி வரும், அது எத்தனை மாணவர்களின் கட்டணத்துக்கு அல்லது எத்தனை நாள் சோற்றுக்குச் சமம் என்பது ஒரு வரியில் வரட்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பைப் பின்பற்றி அன்னதானம் செய்யும் சிறு அமைப்புகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. அவர்களுக்கு அரிசிக் கணக்கே கைவசம் இருக்கும்.

தாமதத்துக்கு ஆடிட்டரே காரணம் என்று எழுதலாமா?

உண்மையாக இருந்தால் எழுதலாம். அவரே அதை ஒப்புக்கொண்டு கடிதமோ உறுதிமொழிப் பத்திரமோ தந்தால் மட்டும் எழுதுங்கள். அவர் கையெழுத்தில்லாத பழி எடுபடுவதில்லை. தவிர, நீங்கள் ஆவணங்களைக் கொடுத்ததே அக்டோபர் நடுவில் என்றால், அவர் அலுவலக மின்னஞ்சலில் அந்தத் தேதி இருக்கும். ஒரு முறை எங்கள் அமைப்பே அப்படி எழுதிவிட்டு, எங்கள் கவரிங் கடிதத்தின் தேதியைக் கண்டு நாங்களே அந்தப் பத்தியை அடித்தோம்.

படிவம் 10 தாமதமானால் என்ன ஆகும்?

ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றி மீத்துவைக்கலாம். 85 சதவீதத்தில் செலவாகாமல் நின்றதை, குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்தாண்டு வரை சேமிக்க உதவுவதுதான் படிவம் 10. அது இல்லாவிட்டால் அந்த மீதிக்கு வரி வரும். ஆகஸ்ட் 31க்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுத்துவிட்டால் சலுகையை மறுக்க வேண்டாம் என்று வாரியம் 2023 மே மாதச் சுற்றறிக்கையில் விளக்கியது. ஆயினும் அந்தத் தளர்வை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் படிவத்துக்கு மன்னிப்புக் கோரும்போது, சேமித்த தொகை 11(5) பிரிவு அனுமதிக்கும் வங்கி வைப்பு போன்ற முதலீடுகளில் இருந்ததா என்றும் அதிகாரி பார்ப்பார். பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் இருந்திருந்தால் வேறு எந்தக் காரணமும் காப்பாற்றாது.

10பி போட வேண்டிய இடத்தில் 10பிபி போட்டுவிட்டோம். இதுவும் தாமதமா?

சரியான படிவம் காலத்தில் வரவில்லை என்பதால் ஆமாம். விலக்குக்கு முந்தைய வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டினாலோ, அந்த ஆண்டில் வெளிநாட்டு நன்கொடை வந்திருந்தாலோ, வருமானத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு வெளியே செலவழித்திருந்தாலோ 10பி, மற்றவர்களுக்கு 10பிபி. வெளிநாட்டு நன்கொடைக்குத் தொகை வரம்பு இல்லாததால், பாரிஸிலிருந்து ஒரு சிறு தொகை வாங்கிய புதுச்சேரி அமைப்புக்கும் 10பி தான். புதிய படிவங்கள் வந்த முதல் ஆண்டில் பலரும் தவறியதால், 2023-24 மதிப்பீட்டாண்டுக்குச் சரியான படிவத்தை 2024 மார்ச் 31 வரை கொடுக்க வாரியம் இடமளித்தது. அந்தச் சலுகை அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது.

ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூர் மையத்திலிருந்து விலக்கை மறுத்து அறிவிப்பு வந்துவிட்டது. மன்னிப்பு விண்ணப்பம் மட்டும் போதுமா?

போதாது. 143(1) பிரிவின்கீழ் வரும் அந்த அறிவிப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் உண்டு. மன்னிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது இந்த 30 நாளை நிறுத்திவைக்காது. எனவே இரண்டையும் ஒருசேரச் செய்வதே பாதுகாப்பு. மன்னிப்பு உத்தரவு வந்தபின், பிழைதிருத்த மனுவின் மூலம் அறிவிப்பை மாற்றக் கோரலாம்.

அறிவிப்பில் மொத்த வரவுக்கும் வரி போட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். தணிக்கை அறிக்கையோ ரிட்டர்னோ தவறியதால் விலக்குப் போகும் நிலையில், 13(10) பிரிவின்படி, நோக்கத்துக்காக இந்தியாவில் செய்த வருவாய்ச் செலவுகளை நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கழித்த மீதிக்கே வரி. மூலதனச் செலவு, கடன் வாங்கிச் செய்த செலவு, பிற அமைப்புகளுக்குக் கொடுத்த நன்கொடை ஆகியவை கழியாது.

டிசம்பர் 31உம் போய்விட்டது. இனி?

இங்கே வழி மிகக் குறுகல். புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வசதி மதிப்பீட்டாண்டு முடிந்து 48 மாதம் வரை திறந்திருக்கிறது என்றாலும், 12ஏ பிரிவு அதை ஏற்காததால் அதன்மூலம் விலக்குக் கிடைக்காது. மேலே சொன்ன 16/2024 சுற்றறிக்கையும் நான்கு படிவங்களுக்கு மட்டுமே, ரிட்டர்னுக்கு அல்ல. 119(2)(பி) பிரிவின்கீழ் வாரியத்தை அணுகும் வழி மட்டுமே மிஞ்சும். இதைத் தனியாகச் செய்ய முயலாமல், விலக்கு வழக்குகளைப் பார்த்துப் பழகிய ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் கெடு நீண்டால் மற்ற கெடுகளும் நீளுமா?

நீளாது. நன்கொடை தந்தவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பிரிவின் நன்கொடையாளர் பட்டியலான 10பிடி மே 31க்குள் போக வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், நன்கொடைத் தொகையை மிஞ்சாதபடி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்துக்குப் போகும் எஃப்சி-4 அறிக்கைக்கு டிசம்பர் 31. சங்கமாகப் பதிவானவர்களுக்கு மாநிலப் பதிவாளரிடமும் கடமை உண்டு: கடலூர்ச் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், புதுச்சேரிச் சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பின்னதின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியல் கொடுக்கப்பட வேண்டும்.

மன்னிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டா?

அந்த உத்தரவுக்கு எதிராகச் சட்டத்தில் மேல்முறையீடு வகுக்கப்படவில்லை. அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவே வழி. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுவே உயர் நீதிமன்றம். தாமதத்தை மன்னிப்பதில் நீதிமன்றங்களின் பொதுவான போக்கை உச்ச நீதிமன்றம் 1987இல் காதிஜி வழக்கில் வகுத்தது: உள்ளார்ந்த நீதியும் நடைமுறை நுணுக்கமும் மோதும்போது நீதிக்கே முதலிடம். தணிக்கை அறிக்கைத் தாமதத்திலேயே, சர்வோதயா அறக்கட்டளை வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், நீண்டகாலமாக இயங்கி நிபந்தனைகளைப் பெருமளவு நிறைவேற்றிய அமைப்புக்குக் காலக்கெடுவை மட்டும் காட்டி விலக்கை மறுப்பது சரியல்ல என்ற நிலையை எடுத்தது. இருப்பினும் ரிட் மனுவின் செலவு சிறு அமைப்பின் ஓராண்டு வரவைக்கூட மிஞ்சலாம் என்பதால், முதல் விண்ணப்பத்தையே கவனமாக எழுதுவது சிக்கனம்.

விண்ணப்பத்தை நேரில்தான் கொடுக்க வேண்டுமா?

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் விலக்குகளுக்கான ஆணையர் சென்னையில் இருக்கிறார். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிச் சேர்ப்புச் சான்றை எடுத்துவைத்துக்கொண்டால் போதும். கெடு நெருங்கிவிட்டது, ஆவணக் கட்டும் பெரிது என்றால், நிர்வாகி ஒருவர் காலையில் கடலூரிலோ புதுச்சேரியிலோ பேருந்து ஏறி, தபால் பிரிவில் ஒரு படியைக் கொடுத்து, இன்னொரு படியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அந்த முத்திரையிட்ட படியை அறக்கட்டளையின் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.